முகட்டைப் பார்த்துக் கேட்ட மன்னிப்பு

பதினான்கு பேரை ஒரே வீட்டில் அடைத்து, இரவும் பகலும் படம்பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுகிற டிவி நிகழ்ச்சி அது. மற்ற பதின்மூன்று பேரும் தோசைக்கும் துண்டுக்கும் சண்டை போட, நல்லசிவம் ஒருவர்தான் குரலையே உயர்த்தவில்லை. சாந்தசொரூபி என்று பட்டம்கூடக் கொடுத்தார்கள். சண்டை போடாத மனிதரை ஜனங்கள் எத்தனை நாள்தான் பார்ப்பார்கள்? ஏழாவது வாரம் ஓட்டுக் குறைந்து வெளியே வந்துவிட்டார்.

தென்காசிப் பக்கத்து ஆசிரமத்துக்குத் திரும்பிய மூன்றாம் நாள் காலை, சாந்தசொரூபி சமையல்காரர் சுடலைமுத்துவை வாய்க்கு வந்தபடி ஏசினார். சுக்குக் காப்பியில் கருப்பட்டி குறைவு, அவ்வளவுதான் விஷயம்.

அரை மணி நேரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு குருவின் முன்னால் போய் நின்றார். குரு வடிவம்மை அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். முறத்தை மடியில் வைத்து அவரைக்காய்க்கு நாரெடுத்துக்கொண்டிருந்தார்.

"கெளம்புதேன் அம்மா."

"ஏன்?"

நல்லசிவம் சட்டைக் கழுத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, குரலைத் தணித்தார். "நான் வேஷக்காரன் அம்மா."

"கழுத்துல என்ன?"

குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. அந்த வீட்டில் எல்லோர் கழுத்திலும் மைக் தொங்கும். ரகசியம் பேசுகிறவர்கள் அதைப் பொத்திக்கொண்டு பேசுவார்கள். மைக்கைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள், கைதான் இன்னும் மறக்கவில்லை.

"பழக்கம்," என்று கையை இறக்கினார்.

"சரி, வேஷத்தச் சொல்லுங்க."

"அங்க நாப்பத்தொம்பது நாள் ஒருத்தரை ஒரு வார்த்தை ஏசல. உங்கள்ட்ட எட்டு வருஷம் இருந்தது பலிச்சிட்டுன்னு நெனச்சேன். இங்க மூணே நாள்ல சுடலையண்ணனை அந்த ஏச்சு ஏசிட்டேன். அப்போ அங்க இருந்தது யாரு?"

"எத்தன கேமரா?"

"அறுபத்தி நாலு. குளியலறையில மட்டும் கெடையாது."

"குளியலறையில என்ன செஞ்சீங்க?"

நல்லசிவத்தின் கை மறுபடி கழுத்துக்குப் போயிற்று. "துண்டை வாயில அமுக்கிக்கிட்டு எல்லாரையும் ஏசினேன்."

வடிவம்மை விழுந்து விழுந்து சிரித்தார். முறத்திலிருந்த அவரைக்காய் தரையெல்லாம் சிதறியது. நல்லசிவத்துக்கு அழுகை முட்டியது. எட்டு வருடம் கற்றதெல்லாம் ஒரு குளியலறைக் கதவு வரைக்கும்தானா என்று அவருக்கு நிஜமாகவே வலித்தது.

"போறதுன்னா போங்க," என்றார் வடிவம்மை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதுக்கு முன்னால சுடலையண்ணன்ட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க."

அடுக்களையில் சுடலைமுத்து அரிசி களைந்துகொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. நல்லசிவம் கைகூப்பி நின்று, தெளிவான குரலில் சொன்னார்: "அண்ணே, தப்பு முழுக்க என் பேர்லதான். உங்க மனசு நோகும்படி பேசிட்டேன். பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்."

சுடலைமுத்து நிமிர்ந்தார். "யார்ட்ட கேக்கீரு?"

"உங்கள்ட்டதான்."

"பெறவு ஏன்வே முகட்டப் பாத்துப் பேசுதீரு? நான் இங்கல்லா நிக்கேன்."

அப்போதுதான் நல்லசிவத்துக்கு உறைத்தது. அந்த வீட்டில் கேமரா இருந்த இடம் அது, மேல் மூலை. பார்வையைக் கஷ்டப்பட்டுக் கீழே இறக்கினார். அடுப்புப் புகையில் சிவந்த இரண்டு கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவ்வளவு அழகாகப் பேசிய வாய் இப்போது திக்கியது.

"மன்னிச்சிருங்கண்ணே."

"சரி, சரி. இன்னொரு காப்பி போடுதேன். கருப்பட்டியக் கூடவே போடுதேன், போதுமா?"

திரும்பி வந்தபோது நல்லசிவத்தின் முகம் இன்னும் தொங்கிப்போயிருந்தது.

"கேட்டாச்சா?"

"கேட்டேன். ஆனா மொதல்ல மூலையப் பாத்துதான் கேட்டேன் அம்மா. கேமரா இருக்கும்னு."

"மூலையில என்ன இருந்துது?"

நல்லசிவம் யோசித்தார். "ஒரு பல்லி."

"அது பாத்துதா?"

"பாத்துக்கிட்டுதான் இருந்துது."

வடிவம்மை சிதறிய அவரைக்காயை அள்ளி முறத்தில் போட்டு, முறத்தை அவர் பக்கம் தள்ளினார்.

"ஏசாம இருக்க அறுபத்தி நாலு கேமரா வேண்டியிருந்த மனுசனுக்கு இன்னைக்கு ஒரு பல்லி போதும்னு ஆயிட்டு. இப்பப் போயி கெளம்புதேங்கீங்களே. உக்காந்து நாரெடுங்க."