தெருக்கோடியில் ஒரு நாற்காலி

புதிதாகப் பிரித்து விற்ற அந்த மனைப்பிரிவில் வடிகாலே இல்லை. மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. ஜனங்கள் புகார் கொடுத்தார்கள். அதிகாரி வந்த அன்றைக்கோ கொளுத்தும் வெயில்.

மனை விற்ற மாசிலாமணி, "இங்கே தண்ணி நிக்குமா? இப்பவே காட்டுங்க பார்ப்போம்!" என்று சவால்விட்டார்.

அங்கே குடியிருக்கும் இட்லிக்கடை செல்லக்கிளி கும்பிட்டாள். "உங்க வார்த்தையை நம்புறோம் ஐயா. பள்ளத்துப் பக்கம் நாற்காலி போடுறேன், உக்காருங்க. மேட்டுல நிக்கிற தண்ணி லாரியைத் திறந்துவிடச் சொல்றேன்."

அதிகாரி முன்னால் மறுக்க முடியாமல் மாசிலாமணி உட்கார்ந்தார். பாய்ந்து வந்த தண்ணீர் அவர் காலடியிலேயே தேங்கியது. செருப்பு மிதந்தது. வேட்டியைச் சுருட்டிக்கொண்டு நாற்காலிமேல் ஏறி நின்றார்.

"இறங்கி வாங்க ஐயா, தண்ணி எங்க இருக்கு?" என்றாள் செல்லக்கிளி. தெருவே சிரித்தது.

"வடிகால் கட்டுங்க, அப்புறம்தான் மனைப்பிரிவுக்கு ஒப்புதல்" என்றார் அதிகாரி.

ஐப்பசி மழையில் செல்லக்கிளி கால் நனையாமல் இட்லி விற்றாள்.