கல்பாசி எடுக்கப் போன திருமேனி

மலைமேல் இருந்த உமையாள் அம்மையின் மடத்தில் அடுக்களை திருமேனியின் பொறுப்பு. குருவான அம்மையைவிட அவருக்கு வயது அதிகம். ஊரில் கல்யாணங்களுக்குச் சமைத்தவர். மனைவி போன பிறகு ஞானம் தேடி மலையேறியவர். வந்த இடத்திலும் கரண்டிதான் கைக்கு வந்தது.

அடைக்கலம் என்று இன்னொரு சீடரும் அங்கே இருந்தார். மனம் உடைந்து வருகிறவர்களோடு புங்கமரத்தடியில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதுதான் அவர் வேலை.

மகனைப் பறிகொடுத்த ஒரு லாரி ஓட்டுநர், செத்துப்போவதென்று முடிவு செய்துகொண்டு மலைக்கு வந்தார். மடத்தில் தங்கினார். சாப்பிட்டார். மரத்தடியில் அழுதார். மழை விட்ட ஒரு காலையில், வீட்டுக்குப் போகிறேன் என்றார்.

புறப்படும்போது அடைக்கலத்தின் காலில் விழுந்து எழுந்தார். வழிக்கென்று கட்டிய புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு அடுக்களை வாசலில் நின்ற திருமேனியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திருமேனி நேராகக் குருவிடம் போனார். புகையில் வேகிறவன் ஒருவன், கும்பிடு வாங்குகிறவன் ஒருவனா என்று மனத்தாங்கலைக் கொட்டித் தீர்த்தார்.

"இந்த மடத்தில் எங்களில் ஒருவர் இருந்தால் போதும். அவரா நானா என்று சொல்லிவிடுங்கள் அம்மா."

சொல்கிறேன் என்றார் உமையாள் அம்மை. அதற்கு முன்னால், அஞ்சறைப்பெட்டியில் கல்பாசி தீர்ந்துவிட்டதே, எடுத்து வரலாம் என்று அழைத்துப்போனார்.

எத்தனையோ விருந்துக்குக் கல்பாசியை எண்ணெயில் பொரியவிட்ட கை அது. ஆனால் கடையில் வாங்கித்தான் பழக்கம். மொட்டைப் பாறையில், தீய்ந்த அப்பளத்தின் ஓரம்போலச் சுருண்டு சாம்பல் நிறத்தில் அது ஒட்டிக்கொண்டிருந்ததைத் திருமேனி அன்றுதான் பார்த்தார். இது என்ன செடி என்று கேட்டார்.

"செடி இல்லை. இரண்டு உயிர்கள். உள்ளே பாசி. அதைச் சுற்றிப் பூஞ்சை. பூஞ்சை பாறையைப் பற்றிக்கொண்டு ஈரத்தைக் காக்கிறது. பாசி வெயிலை வைத்துச் சமைக்கிறது."

திருமேனியின் முகம் மலர்ந்தது.

"பாசி சமைக்காவிட்டால்?"

"பூஞ்சை பட்டினி கிடந்து சாகும்."

"பூஞ்சை இல்லாவிட்டால்?"

"பாசி இந்த வெயிலில் கருகிப்போகும்."

ஒரு துணுக்கைப் பிய்த்து விரலால் தேய்த்துப் பார்த்தார் திருமேனி. எது பாசி, எது பூஞ்சை என்று பிரிக்க முடியவில்லை. தூள்தான் மிஞ்சியது.

சற்றுத் தள்ளி ஒரு வெடிப்பின் அருகே உமையாள் அம்மை குனிந்தார். அதில் ஒரு சிட்டிகை கறுப்பு மண் சேர்ந்திருந்தது. அதில் ஒற்றைப் புல். கல்பாசி பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் பொடியாக்குகிறது, அந்தப் பொடியோடு தானும் செத்து மட்கி மண்ணாகிறது என்றார். இந்த மலை வெறும் கல்லாகக் கிடந்த காலத்தில் முதலில் குடிவந்தவை இவைதாம். மரமெல்லாம் பிறகு வந்தவை.

திருமேனி பாறைமேல் உட்கார்ந்து அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தார். அவர் கேட்டதற்குக் குரு இன்னும் பதில் சொல்லவில்லை. மனம் ஆறவில்லை.

"இந்த மண்ணை உண்டாக்கியது எது அம்மா? பாசியா, பூஞ்சையா?"

உமையாள் அம்மை எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார்.

"புல்லைக் கேளுங்கள்."