தாண்டவராயனின் அறுபது கிராம்

தேரடிப்பாளையத்து முருகன் கோயிலில் பல்லக்குத் தூக்குகிறவர்கள் நான்கு பேர். நான்கு பேருக்கும் தோள் நல்ல கெட்டி. தலையைப் பற்றி ஊரில் யாரும் பேச்செடுப்பதில்லை. பல்லக்குத் தூக்க அது இதுவரை தேவைப்படவில்லை.

அவர்களில் மூத்தவர் தாண்டவராயன். வலது தண்டின் முன்பக்கம் அவருடையது, அதற்கு முன் அவர் அப்பாவுடையது. பங்குனி உத்திரத்தன்று சாமி நான்கு வீதியும் சுற்றி முடிக்கும்வரை தண்டுக்காரன் தோள் தண்டில் பட்டிருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். படாவிட்டால் தண்டு வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த வேறு ஆள் கீழத்தெரு அங்கமுத்து என்பதும், அவன் வருஷா வருஷம் தோளில் புதுத் துண்டோடு வந்து நிற்பதும் ஊருக்கே தெரியும்.

தாண்டவராயன் கோயில் பொங்கலையும் விடமாட்டார், கல்யாணப் பந்தியையும் விடமாட்டார். உடம்பு ஏறியது, முட்டி இரண்டும் மக்கர் செய்தன. போன உற்சவத்தில் அவர் நின்று நின்று மூச்சு வாங்கியதில் சாமி கோயிலுக்குத் திரும்ப விடிந்துவிட்டது. கடைசியில் டாக்டர் சொன்னபடி வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷனைச் செய்துகொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது உணவு ஆலோசகர் பிரமிளா அவரை உட்கார வைத்துப் பேசினாள். மனைவி மகளின் பிரசவத்துக்காக ஓசூர் போயிருந்ததால் கூட வந்தவர்கள் மற்ற மூன்று பல்லக்குக்காரர்கள்: எதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடிக்கிற ஏகாம்பரம், கேள்வி கேட்கிற வைரக்கண்ணு, தலையாட்டுகிற பொன்னுரங்கம்.

“உங்க வயிறு இப்ப ஒரு வாழைப்பழம் அளவுதான். அதனால புரதம்தான் முதல்ல. ஒரு நாளைக்கு அறுபது கிராம் உள்ள போகணும். முட்டை, பருப்பு, தயிர், மீன் எல்லாத்துலயும் இருக்கு. பத்தலைன்னா இந்தப் பவுடரைத் தண்ணியில போட்டு நல்லா குலுக்கிக் குடிங்க. அறுபதும் ஒரே நேரத்துல முடியாது, பிரிச்சுப் பிரிச்சுத்தான் சாப்பிடணும். சாப்பாட்டோட தண்ணி கூடாது, அரை மணி கழிச்சுத்தான். புரதம் குறைஞ்சா முடி கொட்டும், தோள்ல தெம்பே இருக்காது.”

தோள் என்றதும் தாண்டவராயன் தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“என்ன பழம்மா? பூவனா, மொந்தனா?” என்றான் வைரக்கண்ணு.

பிரமிளா அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழ விவகாரத்தை எடுத்தார்கள். நேந்திரமாக இருந்தால் நான்கு வாய் கூடப் போகும் என்று தாண்டவராயன் ஆசைப்பட்டார். ஏகாம்பரம் தலையசைத்தான்.

“ஆசைப்பட்டு நேந்திரம்னு வச்சு, உள்ள குட்டி ஏலக்கியா இருந்துச்சுன்னா? வெடிச்சுடும்ணே. எதுக்கும் ஏலக்கின்னே வச்சுக்குவோம்.”

ஏலக்கி என்று முடிவாயிற்று. டாக்டர் முக்கால் வயிற்றை எடுத்திருந்தார். மீதியில் பாதியை இவர்கள் அன்றைக்கு எடுத்தார்கள்.

அடுத்த சிக்கல் பவுடர். “தண்ணியில போடுன்னாங்க. சாப்பாட்டோட தண்ணி கூடாதுன்னாங்க. பவுடர் சாப்பாடா, இல்லையா?” என்றான் வைரக்கண்ணு.

“சாப்பாட்டுக்குப் பதிலாத்தானே குடுத்தாங்க? அப்ப சாப்பாடுதான். முதல்ல பவுடரு. அரை மணி கழிச்சுத் தண்ணி,” என்றான் ஏகாம்பரம்.

“குலுக்கணுமே?”

“ரெண்டும் உள்ள போனப்புறம் குலுக்கணும். வேற எப்பக் குலுக்குவே?”

பொன்னுரங்கம் தலையாட்டினான். தாண்டவராயனுக்கும் அது சரியாகவே பட்டது. பவுடரை வாயில் கொட்டிக்கொண்டு, பேச முடியாமல், அரை மணி நேரம் வெள்ளை மீசையோடு உட்கார்ந்திருந்தார். பிறகு தண்ணீர் குடித்தார். கயிற்றுக் கட்டிலில் அவரை ஏற்றி மூன்று பேரும் தூக்கினார்கள். குலுக்கலில் இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாமியை முச்சந்தியில் ஆட்டுகிற அதே ஆட்டம், முன்னால் இறக்கிப் பின்னால் ஏற்றி, பக்கவாட்டில் ஒரு சுழற்சி. இரண்டாவது சுழற்சியில் உள்ளே போனதெல்லாம் பொன்னுரங்கத்தின் முகத்துக்கு வந்து சேர்ந்தது.

ஏகாம்பரம் அதை விரலால் தொட்டுப் பார்த்தான். “நல்லா கலந்திருக்குண்ணே. ஒரு கட்டி இல்ல.”

இப்படியே சில நாள் போயிற்று. கட்டிலைப் பார்த்தாலே தாண்டவராயனுக்குக் குமட்டியது. பருப்பு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஏலக்கி என்பதால் மற்றவர்களும் மூன்றாவது வாய்க்கு விடவில்லை. ஒருநாள் தலை துவட்டும்போது துண்டில் முடி கொத்தாக வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேவிட்டார்.

“தண்டு போச்சுடா. அங்கமுத்து தோள்ல எங்கப்பாவோட தண்டைப் பார்க்கணுமா நான்?”

அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. மூன்று பேரும் கலங்கிப்போனார்கள். ஏகாம்பரம்தான் வழி கண்டுபிடித்தான்.

“அண்ணே, அந்தம்மா என்ன சொன்னாங்க? பிரிச்சுப் பிரிச்சு சாப்பிடணும்னாங்க. நம்ம தொழில்ல பாரத்தைப் பிரிக்கிறதுன்னா என்ன?”

“ஆளுக்கு ஒரு தோள்,” என்றார் தாண்டவராயன்.

“அப்புறம்? ஒத்தை ஆளா அறுபது கிராமையும் சுமந்தா தாங்குமா? மூணு பேரும் ஆளுக்கு இருபது எடுத்துக்கறோம். உங்க வயிறு ஏலக்கி. எங்களுது பலாப்பழம்.”

“நீங்க சாப்பிட்டா எனக்கு எப்படிடா வந்து சேரும்?”

ஏகாம்பரம் பொறுமையாகக் கேட்டான். “சாமிக்குப் படைக்கிற பொங்கலை யாருண்ணே சாப்பிடறது?”

“நாமதான்.”

“சாமிக்குப் போய்ச் சேரலையா?”

இத்தனை வருஷமாகச் சாமிக்குப் போய்ச் சேர்ந்தது தனக்கு மட்டும் சேராமல் போய்விடுமா என்று தாண்டவராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் புரதத்துக்குக் குறைவே இல்லை. காலையில் முட்டை அவியும். மதியம் மீன் குழம்பு. சாயங்காலம் பவுடரைப் பாலில் கரைத்து ஏலக்காய் தட்டிப் போட்டுக் குடித்தார்கள். அவர்கள் வயிற்றில் ஆபரேஷன் இல்லாததால் தண்ணீர்ச் சட்டம் அவர்களுக்குக் கிடையாது. தாண்டவராயன் தினமும் எதிரில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். வைரக்கண்ணு ஒரு நாள் முட்டையின் மஞ்சளை ஒதுக்கியபோது கடிந்துகொண்டார். “என் உடம்பு என்ன ஆகும்னு நினைச்சுப் பார்த்தியாடா?”

மூன்று பேருக்கும் கன்னம் மினுமினுத்தது. தாண்டவராயனுக்கு வேட்டி நிற்கவில்லை.

பரிசோதனைக்கு வரச்சொன்ன நாளும் உத்திரமும் ஒரே நாளாக வந்தன. காலையில் ரத்த முடிவைப் பார்த்த பிரமிளாவுக்கு முகம் மாறிவிட்டது.

“புரதம் அடிமட்டத்துக்குப் போயிருக்கு. நிஜமாவே அறுபது கிராம் சாப்பிட்டீங்களா?”

“ஒரு கிராம் விடலைம்மா,” என்றார் தாண்டவராயன் பெருமையாக. “எப்பவாவது எழுபதுகூடப் போயிருக்கு. பொன்னுரங்கம் ஆசைக்காரன்.”

பிரமிளா பொன்னுரங்கத்தைப் பார்த்தாள். தெறிக்கக் காத்திருந்த அவன் சட்டைப் பித்தான்களைப் பார்த்தாள். மெல்ல மெல்ல அவளுக்கு விஷயம் விளங்கியபோது, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

“இவர் பங்கை இனிமே இவர்தான் சாப்பிடணும்,” என்றாள் திரும்பி வந்து. “இவர் வாயால. உடம்பு தேறுறவரைக்கும் எந்தப் பாரத்தையும் தூக்கக் கூடாது. நான் சொல்றது புரியுதா?”

பொன்னுரங்கம் தலையாட்டினான்.

சாயங்காலம் நாதஸ்வரக்காரர்கள் வந்தாயிற்று. முருகன் அலங்காரம் முடிந்து மண்டபத்தில் பல்லக்கில் இருந்தார். அங்கமுத்து புதுத் துண்டோடு தூணோரம் நின்றான். அவனைப் பார்த்ததும் தாண்டவராயன் ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தூக்கக் கூடாதுன்னாங்களே, ஏகாம்பரம்.”

“நீங்க எங்கண்ணே தூக்கப் போறீங்க? வழக்கம் என்ன, தோள் தண்டுல படணும். கால் தரையில படணும்னு எவனாவது சொன்னானா? உங்களை நாங்க தூக்கறோம்.”

மடப்பள்ளியிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. தாண்டவராயனுக்கு ஒரு மாலையைப் போட்டு உட்கார வைத்து மூன்று பேரும் தூக்கினார்கள். நாற்காலி பல்லக்கில் இடித்தது, தோள் தண்டுக்கு எட்டவில்லை. வைரக்கண்ணு யோசனை சொன்னான். தோள் தண்டுக்குப் போகாவிட்டால் தண்டு தோளுக்கு வரட்டுமே. வலது தண்டை வளையங்களிலிருந்து உருவி அவர் தோளில் வைத்தார்கள். குருக்கள் விசிறி எடுக்க உள்ளே போன நேரத்தில் நாதஸ்வரம் முழங்கியது. கிளம்பிவிட்டார்கள்.

சாமியைத் திரும்பிப் பார்த்து நடப்பது பல்லக்குக்காரர்களுக்கு வழக்கமில்லை. நான்கு வீதியிலும் ஜனங்கள், மாலையோடு நாற்காலியில் வருபவருக்குக் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தார்கள். தாண்டவராயனுக்கு ஆனந்தத்தில் கண்ணீர் வழிந்தது. அப்பா, தண்டு தோளில்தான் இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

வடக்கு வீதி திரும்பும்போது வைரக்கண்ணு மெதுவாகச் சொன்னான். “சாமி இந்த வருஷம் ரொம்ப லேசா இருக்காருண்ணே.”

திரும்பி வந்தபோது மண்டபத்தில் குருக்கள் விசிறியோடு நின்றிருந்தார். பக்கத்தில், ஒற்றைத் தண்டோடு சாய்ந்த பல்லக்கில், முருகன்.

“சாமியை விட்டுட்டு எங்கேடா போனீங்க?” என்று கத்தினார் குருக்கள்.

நால்வரும் முருகனைப் பார்த்தார்கள். அங்கமுத்துவும் வாயைத் திறந்தான். ஆனால் தோள் தண்டைவிட்டு ஒரு நொடிகூட விலகவில்லை என்பதை அவனே கூட நடந்து பார்த்திருந்தான். மூடிக்கொண்டான்.

“நமக்கு முன்னாடியே வந்துட்டாரே!” என்றார் தாண்டவராயன்.

“இளைச்ச உடம்பு, வேகமா வந்துட்டார்,” என்றான் ஏகாம்பரம். பிறகு அவன் முகம் வாடியது. “அண்ணே, இவ்வளவு லேசா ஆகியிருக்கார்னா சாமிக்கும் புரதம் பத்தலை. வெறும் பொங்கலா படைச்சா வேற என்ன ஆகும்?”

அன்றே கோயில் கொண்டைக்கடலைச் சுண்டலில் சாமிக்கென்று அறுபது கிராம் எடுத்து வைத்தார்கள். தாண்டவராயன் பங்கைத்தான் பிறர் சாப்பிடக் கூடாது, சாமி பங்குக்கு அப்படித் தடை ஒன்றுமில்லை. ஆளுக்குப் பதினைந்து. காலையிலிருந்து விரதமாக இருந்த தாண்டவராயன் தன் தண்டைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு கடலையாக மென்று, சாமிக்காகத் தன் பதினைந்து கிராமையும் சாப்பிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வயிற்றில் உருப்படியாகத் தங்கிய முதல் புரதம் அதுதான்.

ஒரு வாரம் கழித்து நான்கு பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். தாண்டவராயன் முகத்தில் தெளிவைப் பார்த்து பிரமிளாவுக்குச் சந்தோஷம்.

“வாங்க, ரத்தம் எடுத்துப் பார்த்துடலாமா?”

“எனக்கில்லம்மா, முருகனுக்கு,” என்றார் தாண்டவராயன்.

“அவர் எங்கே?”

“உற்சவக் களைப்பு, கோயில்லயே இருக்கார்,” என்று ஏகாம்பரம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மற்ற மூன்று பேரும் அவன் பின்னால் வரிசையாக மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். “அவர் பங்கு எங்க நாலு பேர்கிட்டதான் இருக்கு. பிரிச்சு எடுத்துக்குங்கம்மா.”