பச்சை இருந்தா பூதம் தொடாது

ஒரு ஊர்ல ஒரு பூதம் இருந்துச்சு. ஏய், போர்வைக்குள்ள தலையை இழுத்துக்காத, அது ஒண்ணும் உன்னைத் தின்னுற பூதம் இல்ல. விளைஞ்ச பயிரைத்தான் சுத்திச் சுத்தி வரும். எங்க, ‘ம்’ சொல்லு. சொல்லலைன்னா கதை இங்கேயே நின்னுடும், எனக்கும்தான் தூக்கம் வருது.

ஆங், அப்படிச் சொல்லு.

அந்தப் பூதம் மலை மேல ஒரு பாறைக்குப் பின்னாடி படுத்துக் கிடந்துச்சு. கீழ இருந்த பூங்கரை ஊருக்கும் அதுக்கும் ஒரு பழைய பேச்சு உண்டு. ஊருக்கு ஏரி வெட்டிக் கொடுத்ததே அதுதான். “என்ன கூலி வேணும்?”னு கேட்டாங்க. “எந்தக் காட்டுல நீங்க விதைச்சது அத்தனையும் விளைஞ்சு, பச்சைன்னு ஒண்ணுகூட இல்லாம நிக்குதோ, அந்தக் காடு எனக்கு. ஒரே ஒரு பச்சை இருந்தாலும் தொட மாட்டேன்”னு சொல்லுச்சு. ஊர்க்காரங்க, “ஆகட்டும் சாமி”ன்னு தலையை ஆட்டினாங்க. ஆட்டாம என்ன! அப்போ எல்லாரும் ஒரே காட்டுல ஏழெட்டு தினுசு கலந்து விதைக்கிறவங்க. தினை விளையறப்போ மொச்சை பூவுல நிக்கும். மொச்சை காயறப்போ துவரை பச்சையா நிக்கும். பூதம் வரும், குனிஞ்சு பார்க்கும், “சே, பச்சை!”ன்னு திரும்பிப் போயிடும். நல்லா ஏமாந்துச்சு போ!

என்ன? புல்லும் பச்சைதானேன்னா கேக்கற? புல்லை யாரு விதைச்சா? அது கணக்குல சேராது. குறுக்கப் பேசாத.

அப்புறம், அந்தப் பேச்சு பேசினவங்க எல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க. ஊருக்குப் பேச்சு மறந்து போச்சு. பூதத்துக்கு மறக்கல. அதுக்குத்தான் பசிக்குதே!

அந்த ஊர்ல சிட்டம்மான்னு ஒருத்தி. அவளுக்குப் பூவின்னு நடை பழகுற பொம்பளைப் புள்ள. ஒரு வருஷம் வெளியூர்லேர்ந்து புது நெல்லு வந்துச்சு. சோறு வடிச்சா மல்லிப்பூவாட்டம் வெள்ளை வெளேர்னு இருக்கும். ஊரே அதுக்குப் பின்னாடி ஓடுச்சு. முதல் ஆளா ஓடினது யாரு? நம்ம சிட்டம்மாதான். “சாமையை யாரு குத்திக்கிட்டுக் கிடக்கறது? கை காய்ச்சுப் போச்சு”ன்னு பழைய விதையை எல்லாம் கோழிக்கு வீசிட்டா.

நெல்லு விளைஞ்சுது. எல்லார் காடும் ஒரே நாள்ல மஞ்சளா நின்னுது. அப்போ உச்சி வெயில்ல மலை மேலிருந்து ஒரு சத்தம். திடும்... திடும்... திடும்...

“விளைஞ்சுதா? பச்சை இல்லையா? ஆஹா!”

மொறுக் மொறுக், சரக் சரக்னு ஒரு காடு விடாம தின்னுச்சு. தாளைக்கூட விடல. தின்னுட்டு, “இன்னும் பசிக்குதே”ன்னு முனகிக்கிட்டே போச்சு. ஊரே தலையில கை வச்சு உக்காந்துடுச்சு.

தூங்கிட்டியா? ம்... சரி.

அடுத்த மழைக்கு ஊர்க்காரங்க அங்க இங்க அலைஞ்சு மறுபடியும் அதே நெல்லைக் கொண்டுவந்து போட்டாங்க. சிட்டம்மாவுக்கு ஒரு படி நெல்லுகூடக் கிடைக்கல. பூவிக்குக் கஞ்சி ஊத்தணுமே! என்ன பண்ணுவா? வீட்டைக் குடைஞ்சா. பூவியோட கிலுகிலுப்பையை உடைச்சா, உள்ள துவரை. பூவி ‘ஆ’ன்னு அழுதுச்சு, அதை இடுப்புல தூக்கிக்கிட்டு வரப்புல எலி வளையைத் தோண்டினா, உள்ள தினையும் சாமையும் கேழ்வரகும். தெருவுல பல்லாங்குழி ஆடிக்கிட்டிருந்த புள்ளைங்ககிட்டக் கெஞ்சினா, அவங்க கையில இருந்தது மொச்சை. எல்லாத்தையும் ஒரே முறத்துல கொட்டி, கலந்து, விசிறி விதைச்சுட்டா.

பக்கத்துக் காட்டு ராக்கியண்ணன் சிரிச்சாரு. “என்ன தாயி, இது காடா, குப்பைமேடா?”

“என் புள்ளைக்குக் கஞ்சி வந்தா சரிங்கண்ணா, நீங்க என்ன பேரு வேணா வச்சுக்கங்க”ன்னு வெடுக்குனு சொல்லிட்டா.

தினையும் சாமையும் முந்திக்கிட்டு வந்துச்சு, அறுத்து வீட்டுல வச்சா. அப்புறம் ஊர் நெல்லு விளைஞ்சுது. திடும் திடும் திடும்! பூதம் வந்துடுச்சு. ராக்கியண்ணன் காடு போச்சு, எல்லார் காடும் போச்சு. அடுத்தது சிட்டம்மா காடு. அவ பூவியை மாரோட அணைச்சுக்கிட்டு வரப்புல நின்னா. பூதம் கேழ்வரகைப் பார்த்து வாயைத் திறந்துச்சு. மொச்சைக்கொடி பக்கம் மூக்கு போச்சு. அங்க பூ!

“சே! பச்சை!”

விறுவிறுன்னு திரும்பிப் போயிடுச்சு. சிட்டம்மா அப்படியே வரப்புல உக்காந்துட்டா. அட, இது பச்சைக்கா பயப்படுது! அன்னைக்குத்தான் அவளுக்கு விளங்குச்சு.

அப்புறம் ஊருக்கே அவ காடுதான் சட்டி நிரப்புச்சு. இன்னைக்குத் தினைக் கஞ்சி, நாளைக்குக் கேழ்வரகுக் களி. ராக்கியண்ணனும் தட்டைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. “குப்பைமேட்டுக் களி இறங்குமாண்ணா?”ன்னு கேட்டுட்டுத்தான் போட்டா. விடுவாளா?

மொச்சை காய்ஞ்சுது. திடும் திடும்! ரெண்டாவது தடவை பூதம் வந்துச்சு. துவரை பச்சைக் காயோட நின்னு தலையை ஆட்டுச்சு. “சே!” வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மலை ஏறிடுச்சு.

ஆனா துவரையும் காய ஆரம்பிச்சுடுச்சே! அதுக்கப்புறம் காட்டுல என்ன பச்சை இருக்கு? ஒண்ணும் இல்ல. துவரையும் போச்சுன்னா அடுத்த விளைச்சல் வரைக்கும் ஊருக்குக் கஞ்சி பத்தாது, ஊரை விட்டே கிளம்ப வேண்டியதுதான். சிட்டம்மாவுக்குச் சோறு இறங்கல. அந்த நேரம் பார்த்துப் பூவிக்குச் சளி. லொக்கு லொக்குன்னு இருமுது. வீட்டுல பானை அடியில மருந்துக்குன்னு வச்சிருந்த ஒரு கைப்பிடி கொள்ளு கிடந்துச்சு. வேகவச்சுத் தண்ணி கொடுத்தா சளி இறங்கும். அதையே காட்டுல போட்டா முளைக்கும். எதைச் செய்யறது? புள்ளையைப் பார்க்கறா, கொள்ளைப் பார்க்கறா. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வருது. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கிட்டு எழுந்தா. பாதியைச் சட்டியில போட்டா, பாதியைத் துவரைச் செடிக்கு நடுவுல போட்டா. பனி ஈரத்துலயே வர்ற பயிரு அது.

துவரை சலசலன்னு காய்ஞ்ச அன்னைக்கு, திடும்... திடும்... மூணாவது தடவை வந்துச்சு பூதம். இந்தத் தடவை சிரிச்சுக்கிட்டே வந்துச்சு.

“பூவு?”

“இல்லைங்க.”

“பச்சைக் காயி?”

“இல்லைங்க.”

“அப்போ என் காடு!”ன்னு வாயை ‘ஆ’ன்னு திறந்துச்சு.

“சாமி, காலைக் கொஞ்சம் பார்த்து வைங்க”ன்னா சிட்டம்மா.

பூதம் குனிஞ்சு பார்த்துச்சு. அது காலடியில குட்டிக் குட்டியா, ரெண்டு ரெண்டு இலையோட, அத்தனையும் பச்சை!

“இது என்னது?”

“கொள்ளுங்க. நேத்துதான் கண்ணு முழிச்சுது.”

பூதம் பொத்துனு உக்காந்துடுச்சு. உக்காந்து, ‘ஓ’ன்னு அழுதுச்சு பாரு ஒரு அழுகை! “ஊர் நெல்லை எல்லாம் தின்னேன், என் வயிறு நிறையவே இல்ல. நான் எங்க போவேன்?”

சிட்டம்மாவுக்குக் கோபம் எல்லாம் போயிடுச்சு. பசின்னு அழுதா பூதமா இருந்தா என்ன, புள்ளையா இருந்தா என்ன? வீட்டுக்கு ஓடிப் பானையோட களியைத் தூக்கிட்டு வந்தா. மேல மொச்சைக் குழம்பு, கீரைக் கடைசல். பூதம் ஒரு வாய் வச்சுது. ம்ம்ம்! இன்னொரு வாய். பானையை வழிச்சுட்டு, ஏஏஏவ்வ்! பிறந்ததுலேர்ந்து அது விட்ட முதல் ஏப்பம் அதுதான். ஏரியில அலை அடிச்சுதாம்.

“தாயி, நாளைக்கும் கொடுப்பியா?”

“நல்லா இருக்கே நாயம்! தினம் உனக்குப் பொங்கிப் போட நான் என்ன சும்மாவா இருக்கேன்? கையைக் காட்டு”ன்னு, விளைஞ்ச எல்லாத்துலயும் ஒரு பிடி விதை எடுத்து வந்து அது கையில கொட்டினா. “மலையில உனக்குத்தான் இடம் கிடக்கே. கலந்து போடு, மாத்தி மாத்தி விளையும், நீயே பொங்கித் தின்னு.”

பூதம் விதையை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு ஆசையா மலை ஏறுச்சு. பாதி தூரம் போயிருக்கும். திடும் திடும்னு திரும்பி ஓடி வந்துச்சு. முகம் எல்லாம் வேர்வை.

“தாயி, தாயி! நான் பாடுபட்டு விதைச்சு, விளைஞ்சு நிக்கறப்போ, ஏதாவது பூதம் வந்து தின்னுட்டா?”

சிட்டம்மா சிரிச்ச சிரிப்புல இடுப்புல இருந்த பூவியும் கெக்கெக்கேன்னு சிரிச்சுது.

“பச்சை ஒண்ணு விட்டு வை சாமி. அது பார்த்துக்கும்.”

அவ்வளவுதான்டி தங்கம். கதை படுத்துருச்சு, நீயும் படு.