பேய் தள்ளாத டிரெய்லர்

வளைவில் டிரெய்லர் மறுபடியும் கவிழ்ந்தபோதும், பேய்தான் பின்னாலிருந்து தள்ளுகிறது என்று சாதித்தார் எஸ்டேட் முதலாளி அருமைநாயகம்.

"புது டிரெய்லருக்கு அடிச்சட்டம் சேசிஸை மட்டும் கனமாப் போடு. பேய் தள்ளினா அசையக் கூடாது. பிரேக்கெல்லாம் வீண் செலவு" என்றார் பட்டறை வெல்டர் செவந்தியிடம். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் அதில்தான் மலையிறங்க வேண்டும்.

"பேய் யாருக்குங்க அடங்கும்?"

"என்னைக் கண்டாலே ஓடும்!"

"அப்ப முதல்ல நீங்களே ஏறுங்க."

டிரெய்லர் தயாரான அன்று, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஏறினார். செவந்தியும் ஏறினாள். பெண்கள் ஏறாமல் மேலேயே காத்திருந்தார்கள்.

மூடுபனி வளைவை விழுங்கியிருந்தது. முன்னால் இழுத்துச் சென்ற ஜீப் வேகம் குறைத்ததும் டிரெய்லர் அதன் முதுகில் மோதியது. மறுபடியும் மோதி, பள்ளத்தின் பக்கம் சாய்ந்தது.

"ஐயோ, பிரேக்!"

"பேய்க்கு எதுக்குங்க பிரேக்?"

"பேயுமில்ல, ஒண்ணுமில்ல! பிரேக் இல்லாமத்தான் கவிழுது! எல்லா வண்டிக்கும் போட்டுடும்மா!"

அந்த அலறல் மேலே காத்திருந்தவர்களுக்கும் தெளிவாகக் கேட்டது.

பழைய லாரியிலிருந்து எடுத்து, சொல்லாமல் பொருத்தியிருந்த பிரேக்கைச் செவந்தி இழுத்தாள். சக்கரங்கள் கிறீச்சிட்டு நின்றன.

அந்த அமைதியில், ஆளில்லாத பின்பக்கப் பலகையை யாரோ இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார்கள்.

டிரெய்லர் அசையவில்லை.