மூச்சுக்குக் காவல் நின்ற அய்யாறு

வடவாயில் காளி கோயிலில் கிடா வெட்டு முடிந்து ஊர் சாப்பிடப் போன பிறகு, பலிக்கல்லின் இரத்தத்தைக் கழுவிவிடுவது அய்யாறு என்னும் அடியாரின் வேலை. கழுவி முடித்து, ஈரக் கையோடு வெளிவாசலில் விழுந்து கும்பிடுவார். உள்ளே வா என்று அவரை யாரும் அழைத்ததில்லை. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததும் கிடையாது.

நெடுநாள் காத்திருந்து அவருக்கும் மனைவி குஞ்சம்மாளுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதன் நாக்கு பெருத்து, வாய்க்குள் அடங்காமல் வெளியே தொங்கியது. பாலாடையில் புகட்டிய பாலும் பாதி வழிந்தது. காளியே வந்து பிறந்துவிட்டாள் என்று ஊரார் முடிவு கட்டிவிட்டார்கள். அதுவரை அய்யாறைக் கண்டால் ஒதுங்கிப் போனவர்கள், எலுமிச்சம்பழத்தோடு அவர் குடிசை வாசலில் வரிசை கட்டினார்கள். பக்தி தலைக்கேறினால் நம் ஜனங்களுக்குக் கண் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை குழந்தையைச் சந்நிதி முன் மல்லாக்கக் கிடத்தி மஞ்சள் பூசினார்கள். நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்தது. உதடு நீலம் பாரித்தது. அருள் ஏறுகிறது என்று பெண்கள் குலவையிட்டார்கள். அய்யாறு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து, பிள்ளையை வாரித் தோளில் குப்புறப் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அன்று பிடித்த பதற்றம் அவரை விடவே இல்லை. உட்கார்ந்தால் கண் அசந்துவிடுமோ, அசந்தால் பிள்ளை சரிந்துவிடுமோ என்று தோளில் போட்டபடி நடந்துகொண்டே இருந்தார்.

நாக்கின் முன்பகுதியைக் கொஞ்சம் வெட்டித் தைத்தால் வாய்க்குள் அடங்கும், மூச்சும் சீராகும் என்றார் நகரத்து மருத்துவர். செய்தி கேட்ட பூசாரி மாசிலாமணி வழிமறித்தார்.

“ஆத்தா நாக்குல கத்தி வச்சியானா, இந்த வாசல் உனக்கு இல்லடா.”

“ஆத்தாளுக்கு நீட்டவும் தெரியும், மடக்கவும் தெரியும் சாமி. எம்புள்ளைக்கு மடக்கத் தெரியலயே” என்றார் அய்யாறு.

அறுவை அறைக்கு வெளியே காளி பேரைச் சொல்லிக்கொண்டு நடையாய் நடந்தார். வீக்கம் வடியும்வரை குழாய் வழியாக மூச்சுவிட்ட குழந்தை, பிறகொரு நாள் வாயை மூடித் தூங்கியது. பார்த்த குஞ்சம்மாள் விம்மி அழுதார். அய்யாறுக்கோ அப்போதும் பயம் தெளியவில்லை. ஊர் திரும்பியும் பிள்ளையைத் தோளைவிட்டு இறக்கவில்லை.

திருவிழா வந்தது. வாசலுக்கு வரக்கூடாதென்று ஊர் சொல்லிவிட்டதால், தெருக்கோடியில் நின்றே கும்பிட்டார். சாமியாடும் தைலம்மைக்கு அருள் வந்தது. அய்யாறுக்கு என்ன தண்டனை சொல்வாளோ என்று ஊர் காத்திருந்தது. நீட்டிய நாக்கோடு அவள் படையலைத் தாண்டி, பூசாரியைத் தாண்டித் தெருக்கோடிக்கு ஓடினாள். குழந்தையின் வாயை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் நாக்கை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள். அருள் வந்த வேளையில் அப்படியொன்றை யாரும் கண்டதில்லை.

“நின்னு நின்னு காலு வீங்கிப் போச்சேடா மகனே. எம்புள்ளைய எங்கிட்ட குடு. நீ உக்காரு.”

பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு அய்யாறு தெருப் புழுதியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து தூங்கிப்போனார். ஊர் முழுதும் சத்தமில்லாமல் சுற்றி நின்றது. மாசிலாமணி அம்மனுக்கு வீசும் சாமரத்தைக் கொண்டுவந்து அவருக்கு வீசினார்.

காளி பிள்ளையோடு விழித்திருக்க உறங்கிய அந்த அடியாருக்கு நம் கும்பிடு.