புலியும் மானும் படித்த பாடம்

மருதங்குளத்து ராசாவுக்கு ஒருநாள் பள்ளிக்கூடத்தின் மேல் அக்கறை வந்துவிட்டது. அக்கறை வந்தால் ஆபத்துதானே!

"பிள்ளைகள் நரிக்கதையும் பேய்க்கதையுமே படிக்கிறார்கள். இனி உண்மை மட்டுமே படிக்க வேண்டும். பொய் சொல்லிக் கொடுத்தால் வாத்தியாருக்கு நாடு கடத்தல்!"

அவைப்புலவர் குமராண்டி உடனே ஒரு சுவடியை நீட்டினார். ராசாவைப் பற்றி அவரே பாடிய மெய்க்கீர்த்தி. பேரிலேயே மெய் இருக்கிறதாம். ராசா பூரித்துப்போய், "இதுவே பாடம்" என்றார்.

வாத்தியார் வைத்தியநாதன் சுவடியோடு மந்திரி காளத்தியிடம் ஓடினார்.

"சாமி, இதைச் சொல்லிக் கொடுத்தால் நாடு போகும். பொய் என்று சொன்னால் தலை போகும். நான் என்ன செய்ய?"

"தாராளமாச் சொல்லிக் கொடும். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

செவ்வாய்க்கிழமை ராசா பரிவாரத்தோடு பள்ளிக்கு வந்தார். ஒரு சிறுமி கணீரென்று வாசித்தாள்: "எங்கள் ராசாவின் ஆணைக்கு அடங்கிப் புலியும் மானும் ஒரே துறையில் நீர் குடிக்கும்."

"அருமை!" என்றார் காளத்தி. "உண்மையைப் படித்தால் போதுமா? கண்ணால் பார்க்க வேண்டாமா? புலவரே, பிள்ளைகளைக் காட்டோரத்து வடக்குத் துறைக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் மான் பக்கத்தில் நின்றால் பிள்ளைகளுக்குப் பயம் இருக்காது."

பொய் என்று சொல்லப் புலவருக்கு வாய் வரவில்லை. "உண்மைதான்... ஆனால் எனக்கு முழங்கால் வலி."

"அப்படியானால் ராசாவே வரட்டும். புலி அடங்குவது அவருக்குத்தானே?"

ராசா தொண்டையைச் செருமினார். "வரலாம். ஆனால் இன்று செவ்வாய், வடக்கே சூலம்."

ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. ராசாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, தோற்றேன். பிள்ளைகள் எதைத்தான் படிப்பது?"

"துறையில் புலி வந்தால் என்ன செய்வது என்று புலவரே எழுதட்டும். எழுதுமுன் துறைக்காவலரையும் வேடரையும் கேட்டு வரட்டும்" என்றார் காளத்தி.

மூன்று நாள் அலைந்து புலவர் நான்கே வரி எழுதினார். தனியே போகாதே. முதுகைக் காட்டி ஓடாதே. கண்ணை எடுக்காமல் பின்னால் நகர். துறைக்காவலரைக் கூப்பிடு.

வாசித்ததும் பிள்ளைகள் வாத்தியாரைக் கேள்வியால் துளைத்தார்கள். ஏன் ஓடக்கூடாது? குளித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

"பலே! இதையே படிக்கட்டும், வாத்தியாரும் இங்கேயே இருக்கட்டும்" என்றார் ராசா. பிறகு கண்ணைச் சுருக்கினார். "ஆனால் காளத்தி, அதே புலவர் எழுதியதுதானே இதுவும்? இது மட்டும் உண்மை என்று எப்படி நம்புவது?"

காளத்தி கைகூப்பிச் சொன்னார்: "ராசா, இதில் உங்கள் பெயர் ஓரிடத்தில்கூட இல்லையே!"